வயிற்று மகாதமனி வீக்கத்தை வயிற்றைத் திறக்காமலே சரிசெய்ய முடியுமா?

முடியும், ஆனால் எல்லோருக்கும் அல்ல. இதயத்திலிருந்து வந்து வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி சாதாரணமாகச் சுமார் 2 செ.மீ. அகலம்தான். அது உப்பி, ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தொட்டால், வெடித்துவிடும் என்று பயந்து சரிசெய்யச் சொல்வார்கள். திறந்த அறுவையில் அந்த இடத்தில் டேக்ரான் என்ற செயற்கைத் துணியாலான குழாயை வைத்துத் தைப்பார்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் முறையிலோ, குடை போல மடக்கிய துணிக்குழாயைத் தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியே, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மேலே ஏற்றி உள்ளே விரிப்பார்கள். 1990இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர் செய்துகாட்டியது இது.

சரி, ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தால் சீக்கிரம் வீடு திரும்பலாமே, அப்புறம் எதற்குத் திறந்த அறுவை? கிராஃப்டின் ஓரமாக ரத்தம் கசியலாம்; அதனால் ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகங்களுக்குப் போகும் ரத்தக்குழாய்களுக்குக் கீழே கிராஃப்ட் பிடித்து நிற்க நல்ல சுவர் இல்லையென்றாலும் சிக்கல்தான். வயது குறைந்த, தெம்புள்ளவருக்குத் திறந்த அறுவையே மேல் என்பேன்.