கேள்வி-பதில்: கிளினிக்குக்குக் கால் பக்க விளம்பரம் தேவையா?

கேள்வி: எம்.டி. பொது மருத்துவம் முடித்து, பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் நான்கு மாதங்களுக்கு முன்பு சொந்தமாகக் கிளினிக் தொடங்கினேன். மாலையில் ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். பொங்கல் சிறப்பு மலரில் என் புகைப்படத்துடன் கால் பக்க வண்ண விளம்பரத்தை நெல்லை, மதுரை, நாகர்கோவில் பதிப்புகளில் சேர்த்து வெளியிட்டுத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். 'எங்கள் மருந்தால் சர்க்கரை நோய்க்கு நிரந்தரத் தீர்வு' என்று தலைப்பிட்டால் கூட்டம் வரும் என்கிறார், முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
- மருத்துவர், பெருமாள்புரம்

பதில்: கொடுக்க வேண்டாம். முதல் தடை அந்தத் தலைப்பு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், 54 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரப்படுத்தக் கூடாது என்கிறது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், வாதம், உடல் பருமன், சிறுநீரகக் கல் எல்லாம் அதில் உண்டு. வாசகத்தை எழுதியவர் முகவராக இருந்தாலும் பெயர் உங்களுடையது.

அடுத்தது உங்கள் தொழிலுக்கே உரிய கட்டுப்பாடு. மருத்துவர்களின் நடத்தை பற்றிய 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் நோயாளிகளை விளம்பரத்தால் ஈர்ப்பதை நெறிக்குப் புறம்பானது என்கின்றன. (2023இல் வந்த புதிய விதிகள் அதே மாதமே நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவையே நடைமுறையில் உள்ளன.) ஆனால் தொழில் தொடங்குதல், முகவரி மாற்றம், தற்காலிகமாக ஊரில் இல்லாமை, மீண்டும் வருதல், கட்டண விவரம் போன்றவற்றைச் செய்தித்தாளில் முறையாக அறிவித்துக்கொள்ள அவையே இடம் தருகின்றன. பெயர், பட்டம், பதிவு எண், முகவரி, பார்வை நேரம், கட்டணம் ஆகியவை போதும். புகைப்படத்தைத் தவிர்த்துவிடுங்கள், பெயர்ப்பலகையில் மருத்துவர் தம் படத்தைப் போடுவதையே சுயவிளம்பரமாகக் கருதும் விதி, நாளிதழில் வரும் கால் பக்கப் படத்தை விட்டுவைக்கும் என்று நம்புவதற்கில்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பணக்கணக்கை மட்டும் பார்த்தாலும் என் பதில் மாறாது. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மதுரையிலிருந்து யாரும் பேருந்து ஏறி உங்களிடம் வரப்போவதில்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் பாளையங்கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிறப்பு மருத்துவரையோ ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையையோ நாடி வருகிறவர்கள். உங்கள் நோயாளிகள் என்.ஜி.ஓ. காலனியிலும் மகாராஜ நகரிலும் தியாகராஜ நகரிலும் இருக்கிறார்கள். மூன்று பதிப்புகளைச் சேர்த்து வாங்குவது மலிவாகத் தெரிந்தாலும், அதில் இரண்டு பதிப்புகள் உங்களுக்கு வேண்டாத சரக்கு. நெல்லைப் பதிப்பு ஒன்றே போதும். அதிலும் உங்கள் பகுதிக்கு மட்டும் தனிப் பக்கம் வருகிறதா என்று கேளுங்கள்.

நாளிதழ்கள் இடத்தைச் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கின்றன. கால் பக்கம் ஏறத்தாழ 400 சதுர சென்டிமீட்டர். எட்டுக்கு ஐந்து என்ற அளவில் ஓர் அறிவிப்பு 40தான். வண்ணத்துக்கும் முதல் பக்கத்துக்கும் சிறப்பு மலருக்கும் விலை வேறு. ஒரு ஞாயிறு, மறு ஞாயிறு, அடுத்து ஒரு வார நாள் என்று சிறிய அறிவிப்பைக் கறுப்பு வெள்ளையில் மூன்று முறை வெளியிட்டால், பத்தில் மூன்று பங்குச் செலவுக்குள் முடியும். பொங்கலன்று வரும் பெரிய விளம்பரம் மறுநாள் மாட்டுப் பொங்கலோடு மறந்துபோகும். அதற்காகத் தினந்தோறும் போடவும் கூடாது. அப்படிச் செய்தால் அறிவிப்பு நோயாளிகளை ஈர்க்கும் அழைப்பாகிவிடும் என்பது என் கருத்து. நாளிதழில் நோட்டீஸ் வைத்து விநியோகிப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்; விதி இடம் தருவது செய்தித்தாள் அறிவிப்புக்குத்தான்.

எந்தப் பக்கத்தில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். நம் ஊர்ப்பக்கத்தில் நாளிதழின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தைப் போலக் கவனமாக வாசிக்கப்படும் பக்கம் வேறில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு மருத்துவரின் அறிவிப்பு அங்கே இடம்பெறுவது அவ்வளவு பொருத்தமாக இராது.

முகவரிடம் நாளிதழின் அச்சிட்ட கட்டண அட்டையைக் கேளுங்கள். அவருடைய கமிஷனைப் பொதுவாக நாளிதழே கொடுத்துவிடும். அட்டையில் உள்ள விலைக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அச்சு விளம்பர இடத்துக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் செலவு வீண் என்பதால், ப்ரூஃபைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்குப் போகட்டும். பிழை அவர்களுடையதாக இருந்தால் இலவசமாக மறுபடி வெளியிடுவதாக ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். புதிதாக வருகிறவரிடம் "எப்படித் தெரிந்து வந்தீர்கள்?" என்று கேட்டு ஓ.பி. சீட்டில் குறித்துவைத்தால், மூன்று மாதத்தில் அறிவிப்பின் பலன் தெரிந்துவிடும்.

கேள்வி: பக்கவாதம் முழுமையாகக் குணமாகும் என்ற நாளிதழ் விளம்பரத்தை நம்பி, தந்தையின் சிகிச்சைக்கு மொத்தமாக முன்பணம் கட்டினோம். பலன் இல்லை; பணத்தையும் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பக்கவாதமும் மேலே சொன்ன 54இல் ஒன்று. விளம்பரம் வந்த நாளிதழைத் தேதியோடு முழுப் பக்கமாகப் பத்திரப்படுத்துங்கள். வெட்டியெடுத்த துண்டில் தேதி இராது. பில், மருந்துச் சீட்டு, பணம் செலுத்திய சான்று ஆகியவற்றுடன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதியுங்கள். தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தச் சிகிச்சை நிலையம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், திருப்பித் தருவதாக அவர்கள் சொல்லும் தவணைகளை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.