ஸ்பிரிங் வெட்ட 4,000 ரூபாய்தான், மீதிச் செலவு?

கேள்வி: எனக்கு 26 வயது. வீடு மார்த்தாண்டம், வேலை நாகர்கோவிலில். கைக்கு வரும் சம்பளம் 28,000. பழைய ஸ்விஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறேன், தவணை 7,800. சீட்டுக்கு 3,000, வீட்டுக்கு 6,000 போக 11,200 மிச்சம். தினமும் காரில்தான் வேலைக்குப் போகிறேன். வளைவில் வண்டி ஆடுகிறது, பார்க்கவும் கெத்தாக இல்லை. அதனால் வண்டியின் உயரத்தைக் கொஞ்சம் இறக்கலாம் என்று ஆசை. ஸ்பிரிங்கை வெட்டி இறக்க 4,000, லோயரிங் ஸ்பிரிங் (உயரம் குறைக்கவென்றே செய்த ஸ்பிரிங்) செட் 22,000, காயில்ஓவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கும்படி ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) 85,000 என்கிறார்கள். காயில்ஓவரை கிரெடிட் கார்டு இஎம்ஐயில் போடலாமா சார்?

பதில்: தம்பி, உங்கள் கணக்கில் பெட்ரோலைக் காணோமே. மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போய்வர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மாதம் 25 நாளுக்கு 1,500 கிலோமீட்டர். லிட்டருக்கு 18 கிடைத்தாலும் 83 லிட்டர் வேண்டும். இன்றைய விலையில் அதுவே 8,400 ரூபாய். ஆக, உங்களிடம் மிஞ்சுவது 2,800தான்.

85,000 ரூபாயை 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 4,160 கட்ட வேண்டும். வட்டி மட்டும் 14,900 வரும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 2,800-க்குள் 4,160 எப்படி அடங்கும்? காயில்ஓவர் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

அதற்காக 4,000 ரூபாய் வழிக்குப் போய்விடாதீர்கள். மூன்றில் அதுதான் மோசம். கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று அறுத்து எடுத்த ஸ்பிரிங்கின் நுனி, அதற்கென்று உள்ள இருக்கையில் சரியாக உட்காராது. ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள், ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடும். ஷாக் அப்சார்பரோ பழைய உயரத்துக்குச் செய்தது. குழியில் இறங்கும்போதெல்லாம் அது அடிவரை போய் இடிக்கும், சீக்கிரமே ஆயில் கசியும். வெட்டக் கொடுத்த 4,000-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஷாக்குக்குக் கொடுப்பீர்கள்.

முறையான லோயரிங் ஸ்பிரிங்கில் இந்தக் கோளாறு குறைவு. ஆனால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்க்காமல் ஓட்டினால் முன் டயர்களின் உள்பக்கம் தேயும். 40,000 கிலோமீட்டர் வரவேண்டிய டயர் 20,000-இல் போனால், டயர் 4,500 என்று வைத்துக்கொண்டாலும் உங்கள் ஓட்டத்துக்கு வருடம் 4,000 ரூபாய் கூடுதல். அப்புறம் நம்ம ஊர் ரோடு. 2018 முதல் வந்த ஸ்விஃப்டுக்கு, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே கம்பெனி கொடுத்த உயரமே 163 மில்லிமீட்டர்தான். அதில் 40 போனால் 123. நாலு பேர் ஏறினால் இன்னும் தாழும். ஸ்பீட் பிரேக்கர் 100 மில்லிமீட்டர் உயரம் என்பது விதி. தெருவில் ஊர்க்காரர்களே போட்டதற்கு யார் அளவெடுத்தார்கள்? மழை நாளில் தண்ணீருக்குள் கிடக்கும் குழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நான் அதிகம் பயப்படுவது இன்சூரன்ஸுக்கு. வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் அதைக் காட்டி கிளெய்மைக் குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். கார் போனாலும் தவணை போகாது. சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு மாறாக வண்டியை மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். களியக்காவிளை தாண்டிவிட்டால் கேரளத்தில் இந்த விஷயத்தில் கண்டிப்பு அதிகம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கெத்துக்கு ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் வளைவில் ஆடுவது உயரத்தால் மட்டும் இருக்காது. பழைய வண்டி, ஷாக்கும் புஷ்ஷும் (இணைப்புகளில் உள்ள ரப்பர்) தளர்ந்திருக்கும். முதலில் அதைச் சோதித்துப் பாருங்கள். கம்பெனி அளவிலேயே நான்கு ஷாக்கும் மாற்ற, கூலி சேர்த்து ஏறத்தாழ 10,000 ஆகலாம். பாதி ஆட்டம் அதிலேயே நிற்கும். அதன் பிறகும் இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். அது கையில் வந்த பிறகு, சீட்டு முடிந்து வரும் பணத்தில் 22,000 ரூபாய் ஸ்பிரிங் போடலாம். அதற்காக சீட்டை இப்போதே தள்ளி எடுத்து நஷ்டப்படாதீர்கள்.

சரி, ஷாக்குக்கான 10,000 எங்கிருந்து வரும்? வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போய் வாருங்கள். மார்த்தாண்டம், நாகர்கோவில் வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. டிக்கெட் போக மாதம் 2,000 நிற்கும், ஐந்து மாதத்தில் ஷாக் வாங்கிவிடலாம்.