தலைப்பில் ஊர் எதற்கு?

கேள்வி: வடமாநிலத்தவர் வந்த பிறகுதான் எங்கள் பகுதியில் திருட்டும் வழிப்பறியும் பெருகிவிட்டன. தினமும் பேப்பரில் பார்க்கிறோம், டிவியில் பார்க்கிறோம். உங்கள் இதழ் மட்டும் தலைப்பில் ‘வடமாநில’ என்று போடுவதே இல்லை. உண்மையை ஏன் மறைக்கிறீர்கள்? ஆதாரத்துக்கு 11 செய்திகளைக் கத்தரித்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.
- வாசகர், பெருமாநல்லூர்

பதில்: நீங்கள் அனுப்பிய 11 துணுக்குகளையும் மேஜையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்து செல்போன் பறிப்பு, மூன்று கஞ்சா, இரண்டு குடிபோதைத் தகராறு, ஒரு வீடு புகுந்த திருட்டு. எதையும் பொய்ச் செய்தி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்துச் செய்திகளில், பிடிபட்டவரின் ஊருக்கும் அவர் செய்த குற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊர்ப் பெயரை அடித்துவிட்டுப் படித்தாலும் செய்தி முழுசாகவே நிற்கிறது. வீடு புகுந்த வழக்கு மட்டும் வேறு. களவு போன நகையைத் தேடி போலீஸ் அசாம் வரை போயிருக்கிறது. அதில் ஊர் வேண்டும்.

இந்தத் தலைப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். நானே போட்டவன். நாளிதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த காலம். இரவு பத்தரை மணி, பக்கம் முடிக்க வேண்டிய அவசரம். ஒரே மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. இரண்டிலும் செல்போன் பறிப்பு. ஒருவர் திண்டுக்கல் பக்கம், இன்னொருவர் ஒடிசா. முதல் செய்திக்கு ‘செல்போன் பறித்த வாலிபர் கைது’ என்று போட்டேன். இரண்டாவதற்கு ‘செல்போன் பறித்த வடமாநில வாலிபர் கைது’. அப்படிப் போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போட்டது. மறுநாள் அதைப் படித்தவர் மனதில் திண்டுக்கல்காரர் ஒரு தனி ஆள். அவரை மதியத்துக்குள் மறந்திருப்பார்கள். ஒடிசாக்காரர் ஒரு கூட்டத்தின் ஆளாகத் தங்கிவிட்டார். அந்த இரண்டு தலைப்புகளும் இன்னும் என் மனதை அறுக்கின்றன.

‘தினமும் பார்க்கிறோம்’ என்கிறீர்கள். பார்த்திருப்பீர்கள், சந்தேகமே இல்லை. நம்மூர் ஆட்கள் செய்த திருட்டும் அதே பக்கத்தில்தான் வந்திருக்கும். அதன் தலைப்பில் அடையாளம் எதுவும் இல்லாததால் அது உங்கள் கத்தரிக்கோலில் சிக்கவில்லை. ஒரு வாரம் பேப்பரை எடைக்குப் போடாமல் வைத்திருந்து, எல்லாக் கைதுச் செய்திகளையும் வெட்டிப் பாருங்கள். தலைப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் எண்ணுங்கள். என்ன கணக்கு வந்தாலும் எனக்கு எழுதுங்கள், அப்படியே போடுகிறேன்.

உண்மையை மறைக்கிறோமா? ஒன்று யோசியுங்கள். நகை பறித்தவரின் சாதியை எந்தப் பேப்பராவது தலைப்பில் போடுகிறதா? இந்தியப் பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையும் சாதி அடையாளத்தைத் தவிர்க்கத்தான் சொல்கிறது. சாதியே காரணமாக நடந்த கொலை என்றால் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதுகிறோம். மற்றபடி, போட்டால் ஊரில் என்ன ஆகும் என்று தெரிந்துதான் விட்டுவிடுகிறோம். அதை உண்மையை மறைப்பது என்று நீங்களோ நானோ சொல்வதில்லை.

ஊர் செய்திக்குத் தேவை என்றால் நாங்களும் எழுதுகிறோம். 2024 செப்டம்பரில் திருச்சூரில் ஏ.டி.எம்.களை உடைத்துப் பணத்தை அள்ளிக்கொண்டு கன்டெய்னர் லாரியில் தப்பிய கும்பலை நாமக்கல் மாவட்டத்தில் போலீஸ் மடக்கியது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து கொள்ளையடித்த கும்பல். அரியானாக்காரர்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரியானா என்றால் அரியானா என்றே எழுதலாம். ‘வடமாநிலக் கும்பல்’ என்றால் அதற்குள் யார் யாரெல்லாம் வருகிறார்கள் பாருங்கள். ஒடிசா ஆந்திராவை ஒட்டி இருக்கிறது. அசாம் நாட்டின் வடகிழக்கு மூலை. உங்கள் ஊர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் குனிந்து தைக்கிற பையனையும் அந்த லாரியில் ஏற்றிவிட்டது போல் ஆகிறது.

நமக்கும் இது நடந்திருக்கிறது. பம்பாயில் 1960-இல் பால் தாக்கரே ‘மார்மிக்’ என்று ஒரு கார்ட்டூன் வார இதழ் தொடங்கினார். நகரத்துக் கம்பெனிகளில் நல்ல வேலையில் இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களை அது பட்டியல் பட்டியலாகப் போட்டது. அவர்கள் நிஜமாகவே அந்த வேலைகளில் இருந்தவர்கள்தான். பட்டியலுக்கு மேலே ஒரு மராத்தித் தலைப்பு. ‘படியுங்கள், சும்மா இருங்கள்’ என்று அர்த்தம். பிற்பாடு அது ‘படியுங்கள், எழுந்திருங்கள்’ என்று மாறியது. 1966 ஜூனில் தாக்கரேயின் சிவசேனா கட்சி பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் அடி வாங்கின. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்று அங்கே யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே பெயர், மதராசி. அந்தப் பட்டியலைப் படித்த மராத்திக்காரரும் ‘வாராவாரம் பார்க்கிறோமே, உண்மைதானே’ என்றுதான் நினைத்திருப்பார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம்முடைய பேப்பர்களில் கைதுச் செய்திகள் வரும் பக்கம்தான் கண்ணில் வருகிறது.

அப்புறம், 2018 மே மாதம். பிள்ளை பிடிக்கிற வடமாநிலக் கும்பல் தமிழ்நாட்டுக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் சுற்றிக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் கோவிலுக்குப் போக திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் காரில் வந்தது. வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். காரில் இருந்த 65 வயது அம்மா அங்கே நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் செய்கிற காரியம். ஊர் திரண்டு அடித்தது. அவர் இறந்துபோனார். தமிழ் பேசும் அம்மா, சென்னைக்காரர்.

அந்தக் குரல் பதிவைப் பேப்பர்காரர்கள் யாரும் பேசி அனுப்பவில்லை. ஆனால் ‘வடமாநில’ என்ற சொல்லைக் கேட்டதும் திருடன், கொள்ளைக்காரன், பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைக்கும் அளவுக்கு அந்தச் சொல்லைப் பழக்கியதில் எங்களுக்குப் பங்கு இருக்கிறது. வருஷக்கணக்கில் காலை காப்பியோடு படித்த சொல் அது. வதந்தி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

ஐந்து வருஷம் கழித்து அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று இந்திப் பத்திரிகைகளிலும் சமூக ஊடகங்களிலும் செய்தி ஓடியது. பத்திரிகைகள் மூலம் தெரிந்துகொண்டதாகச் சொல்லித்தான் அன்றைய பீகார் முதல்வர் நிதிஷ்குமார் கவலை தெரிவித்தார். அப்போது நம் டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு வீடியோவில் வந்து விளக்கம் சொன்னார். பரவிய காட்சிகளில் ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களே இரண்டு கோஷ்டியாக அடித்துக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை. பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நேரில் விசாரித்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. அதற்குள் ரயில் நிலையங்களில் மூட்டை முடிச்சோடு கூட்டம். ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களும் உண்டு, பயந்து போனவர்களும் உண்டு. உங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் மெஷின்கள் சும்மா கிடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ‘தமிழர்கள் இப்படித்தான்’ என்று அவர்களுடைய பேப்பரில் எழுதியபோது நமக்கு எவ்வளவு கோபம் வந்தது! அந்தக் கோபம் நியாயமானது. இந்த 11 துணுக்குகளைப் பார்க்கும்போதும் அது வர வேண்டும்.

உங்கள் பகுதியில் வழிப்பறி நடப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. தெருவிளக்கு எரியாததும், இரவு ரோந்து வராததும், எட்டுக்குப் பத்து அறையில் பத்துப் பேரை அடைத்து வைத்துக் கணக்கில் காட்டாமல் வேலை வாங்கும் ஏஜென்டுகளும் செய்திதான். இதை எழுதி அனுப்புங்கள், பெரிதாகப் போடுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஏழாவது துணுக்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் பாதிச் செய்தி இருக்கிறது: ‘கட்டடத்தில் இருந்து தவறி விழுந்த வடமாநிலத் தொழிலாளி’. அதற்கு மேல் உங்கள் கத்தரிக்கோல் போய்விட்டது. நான்கு வரிதான் மிச்சம். மேற்கு வங்கம் என்று இருக்கிறது, சாரம் சரிந்தது என்று இருக்கிறது, பெயர் இல்லை. முன்பக்கத்தில் கஞ்சாவோடு பிடிபட்டவருக்குப் பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் இருக்கின்றன. துணுக்கில் தேதி இல்லை. எந்தப் பேப்பர், எந்த நாள் என்று ஒரு கார்டு போடுங்கள். எங்கள் திருப்பூர் நிருபரை அனுப்பி விசாரித்து, தவறி விழுந்தவரின் பெயரை அடுத்த இதழில் போடுகிறோம்.