"கமர்ஷியல் ரகசியம்"னு கைய விரிச்சா சும்மா திரும்பி வந்துடாதீங்க

தென்னாப்பிரிக்கா டர்பன் நகரத்து மெர்பேங்க் ஏரியாலேர்ந்து ஒரு ரிடையர்டு டீச்சர் கேட்டிருக்காங்க: வீட்டுக்குப் பின்னாடி ஒரு கம்பெனி புதுசா எண்ணெய் டேங்க் வைக்கப் போகுது, முனிசிபாலிட்டி ஆளுங்களும் கம்பெனிக்காரங்களும் உக்காந்து பேசியிருக்காங்க, என்ன பேசினீங்கன்னு கேட்டா "கமர்ஷியல் ரகசியம்"ங்கறாங்க. 4500 ரேண்ட் குடுத்தா ஃபைலை வாங்கித் தர்றேன்னு ஒரு கன்சல்டன்ட் சொல்றார், குடுக்கலாமா?

குடுக்காதீங்க டீச்சர். அவர் செய்யப்போறது 2000-ம் வருஷத்து தகவல் சட்டத்துல ஃபாரம் 2ஐ நிரப்பி ஒரு ஈமெயில் தட்டறது, அவ்ளோதான். ஃபாரம், இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கற இன்ஃபர்மேஷன் ரெகுலேட்டர் அமைப்போட சைட்ல சும்மாவே கிடைக்குது, மனு கட்டணம் 140 ரேண்ட், நகலுக்குத் தனி. முனிசிபல் மேனேஜர் பேருக்குப் போடுங்க. "ஏன் பேசினீங்க"ன்னு கேட்டீங்கன்னா பதிலே வராது, பேப்பரைக் கேளுங்க: இந்த தேதிலேர்ந்து இந்த தேதி வரைக்கும் நடந்த மீட்டிங் மினிட்ஸ், வந்தவங்க பேரு, கம்பெனி காட்டின பிரசன்டேஷன், ஈமெயில். அமைச்சரையோ அதிகாரியையோ எந்தக் கம்பெனி எப்ப பாத்துச்சுன்னு பதிவு பண்ணச் சொல்ற லாபி சட்டம் இந்த நாட்டுல இன்னும் கிடையாது, அதனால இப்படித்தான் ஒவ்வொண்ணா தோண்டணும்.

30 நாள்ல பதில் வரலைன்னா மறுத்த மாதிரின்னு சட்டமே சொல்லுது. போன் போட்டு கெஞ்சிக்கிட்டு இருக்காதீங்க, 60 நாளுக்குள்ள ஃபாரம் 4ல அப்பீல் போடுங்க, அதுவும் போச்சுன்னா ஃபாரம் 5ல ரெகுலேட்டர்கிட்ட புகார்.

இப்ப அந்த ரகசியம். அந்தத் தகவல் சட்டத்தோட 36-ம் பிரிவு கம்பெனியோட வியாபார விஷயத்தை மறைக்க விடுது, உண்மைதான். ஆனா அதே பிரிவுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை எந்த ஆபீஸரும் உங்களுக்குப் படிச்சுக் காட்ட மாட்டார். மண்ணு, தண்ணி, காத்து மாதிரி சுற்றுச்சூழலைச் சோதிச்ச ரிசல்ட்ல ஜனங்க உயிருக்கோ சூழலுக்கோ பெரிய ஆபத்து தெரிஞ்சா, வணிக ரகசியம்னு சொல்லி அதை மறைக்க முடியாது. 2020 டிசம்பர் 4 காலைல எஞ்சன் கம்பெனியோட எண்ணெய் ரிஃபைனரி வெடிச்சதைப் பாத்த ஏரியா நம்மளது, நமக்கில்லாத ஆபத்தா? அதனால அந்தப் பிரிவு நம்பரைப் போட்டு "சோதனை ரிசல்ட் அத்தனையும்"னு தனி வரியா எழுதுங்க. சும்மா ஏட்டுச் சட்டம்னு நினைக்காதீங்க, தனியார் கம்பெனிகிட்டயே வாங்கியிருக்காங்க, வால் (Vaal) ஆத்துப் பக்கத்து மக்கள் ஆர்செலர்மிட்டல் ஸ்டீல் கம்பெனியோட பழைய சுற்றுச்சூழல் பிளானைக் கேட்டு 2014ல அப்பீல் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சாங்க.

கம்பெனி ஹால்ல கூட்டம் வச்சு பிரியாணி போடுவாங்க, வாசல்லயே ஒரு ரெஜிஸ்டர் இருக்கும், கையெழுத்து வாங்கிடுவாங்க. அப்புறம் சுற்றுச்சூழல் ரிப்போர்ட்ல பாத்தா "மக்கள் கிட்ட கலந்து பேசியாச்சு"ன்னு உங்க கையெழுத்துதான் சாட்சி. என் சித்தி பேரு அப்படி ஒண்ணுல ஏறிச்சு, அவங்க சாப்பிடத்தான் போனாங்க! போட்டே ஆகணும்னா பேருக்குப் பக்கத்துல "எதிர்க்கிறேன்"னு எழுதிட்டு போட்டோ எடுத்துக்கோங்க. ரிப்போர்ட் எழுதறவருக்கு சம்பளம் குடுக்கறதே கம்பெனிதான், மறந்துடாதீங்க.

இன்னொண்ணையும் பாத்துக்கோங்க: அரசியல் கட்சிக்கு கம்பெனி எவ்வளவு நன்கொடை குடுத்துச்சுன்னு தேர்தல் கமிஷன் 3 மாசத்துக்கு ஒருவாட்டி லிஸ்ட் போடுது. 1 லட்சம் ரேண்டுக்கு மேலன்னு 2021ல ஆரம்பிச்சு 2025ல 2 லட்சமாக்கிட்டாங்க, வருஷத்துக்கு 199 ஆயிரம் குடுக்கறவன் பேரு வராது, என்னத்த சொல்ல.

கன்சல்டன்ட்டுக்கு ஏற்கனவே அட்வான்ஸ் குடுத்திருந்தா ரசீது கேட்டுப் பாருங்க, அதோட அவர் போன் எடுக்கறதை நிறுத்திடுவார்.