தள்ளுபடிக்குக் கெடு வைத்தால் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு பிரசவத்துக்குப் பிறகு வயிறு தொங்கிவிட்டது. ‘டம்மி டக்’ (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கித் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாம் என்று ஒரு கிளினிக்கில் விசாரித்தேன். இந்த வாரத்துக்குள் முழுப் பணமும் கட்டினால் கால்வாசி தள்ளுபடி, மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். உடல் இளைக்க வாரம் ஒரு ஊசியும் போட்டுக்கொள்கிறேன். எடை குறைந்துகொண்டே வருகிறது. அவ்வப்போது சிகரெட் உண்டு. பணம் கட்டலாமா? எப்படித் தயாராவது?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் சில விஷயங்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போட வைக்கலாம். பரிசோதனை முடிவுகள் வந்து, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரும் பார்த்த பிறகு தேதி குறிப்பதுதான் முறை. முதலிலேயே பணத்தைக் கட்டிவிட்டால் வேறு ஒரு வம்பும் வரும்: ‘போட்ட பணம் போய்விடுமோ’ என்ற பயத்தில் சிகரெட்டையும் ஊசியையும் டாக்டரிடம் மறைக்கத் தோன்றும்.

அந்த ஊசியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வகை ஊசிகளில் பல, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கும். பட்டினியாகவே போனாலும் இரைப்பையில் உணவு மிச்சமிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும், வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்துவது பொதுவான கணக்கு. உங்களுக்கு அது மாறலாம். ஊசியையும் சர்க்கரை மாத்திரையையும் எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எடை இன்னும் இறங்குகிறது என்றால் இப்போது தைத்த தோல் பிறகு மறுபடி தளரும். சில மாதங்கள் எடை ஒரே அளவில் நிற்கட்டும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் கட்டுக்குள் வர வேண்டும். இல்லாவிட்டால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கலாம்.

சிகரெட்டில் ‘அவ்வப்போது’ என்ற சலுகை கிடையாது. வயிற்றுத் தோலை அகலமாகப் பிரித்து, கீழே இழுத்துத் தைக்கிறார்கள். அந்த ஓரங்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவாகத்தான் போகும். சிகரெட்டிலுள்ள நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கினால் தையல் ஓரம் கறுத்து அழுகலாம். முன்னும் பின்னும் குறைந்தது 4 வாரம் விட வேண்டும். நிகோடின் சூயிங்கத்திலும் இருப்பது அதே நிகோடின்தான்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. கருத்தடை மாத்திரை ரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டும். ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று எதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி பணம். உங்களிடம் பேசியவர் சர்ஜனா, விற்பனைக்கு வைத்த ஆலோசகரா? கத்தி பிடிக்கப்போகிறவரின் பெயரையும் பிளாஸ்டிக் சர்ஜரி தகுதியையும் கேட்டு, மருத்துவக் கவுன்சில் பதிவில் சரிபாருங்கள். விளம்பரப் படங்களில் உள்ளாடை மறைத்திருக்கும் தழும்பைக் காட்டச் சொல்லுங்கள்; இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடும் கோடு அது. மயக்க மருந்து, பரிசோதனை, இறுக்குப் பட்டை, மறு தையல் தேவைப்பட்டால் அதன் செலவு, இவையெல்லாம் கட்டணத்தில் அடக்கமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் முதல் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சில நாள் குனிந்தபடிதான் நடப்பீர்கள், ஆனாலும் ரத்தம் கட்டாமலிருக்க நடந்தே ஆக வேண்டும். பல வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. குழந்தைகள் சின்னவர்கள் என்றால் அதற்கும் ஆள் ஏற்பாடு செய்யுங்கள்.

கிளினிக்கிடம் இன்னும் ஒன்று கேளுங்கள்: உடல்நலக் காரணத்தால் ஆபரேஷன் தள்ளிப்போனால் முழுப் பணமும் திரும்ப வருமா, அப்போதும் இதே கட்டணம்தானா? எழுதித் தர மறுத்தால் வேறு சர்ஜனைப் பாருங்கள்.