உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் விதம்: கேள்வி பதில்

இம்முறை கேள்விகளுக்குப் பதிலளிப்பவர், பினாங்கில் முப்பது ஆண்டுகள் தாதியர் மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், ஆறாம் படிவ மாணவி): ஐயா, "அகச் சமநிலை என்பது உடலுக்குள் எதுவும் மாறாதிருப்பது" என்று தேர்வில் எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எது பிழை?

பதில்: "மாறாதிருப்பது" என்ற சொல்தான் பிழை, மகளே. செல்களைச் சூழ்ந்திருக்கும் நீர்மத்தின் நிலையைக் காப்பதே உயிர் தழைப்பதற்கு அடிப்படை என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்ட் முன்வைத்தார். அதற்கு ஹோமியோஸ்டாசிஸ், அதாவது நாம் அகச் சமநிலை என்று சொல்லும் பெயரை 1926-இல் அமெரிக்கரான வால்டர் கேனன் சூட்டியபோது, "ஒரே" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை விட்டு, "ஒத்த" என்று பொருள்படும் சொல்லையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார். உன் உடல் வெப்பம் விடியற்காலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்றுக் கூடியும் இருக்கும். அது ஓர் எல்லைக்குள் ஏறி இறங்குகிறது. எல்லையை நெருங்கும்போது உடல் அதைத் திருப்பி இழுக்கிறது. அடுத்த முறை அப்படி எழுது.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): நம் ஊரில் வியர்த்துக் கொட்டினாலும் உடல் குளிர்வதாகத் தெரியவில்லையே, ஏன்?

பதில்: கொட்டுகிற வியர்வையால் பயனில்லை என்பதுதான் காரணம். உடலைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாகும் நிகழ்ச்சியே. ஒரு லிட்டர் வியர்வை தோலின் மீதே முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும், ஆனால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்த வியர்வை தண்ணீரையும் உப்பையும் மட்டுமே எடுத்துச் செல்லும். பினாங்குக் காற்றில் ஈரம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ், வெப்பம் தணியவில்லை என்று கண்டு இன்னும் வியர்க்கச் சொல்கிறது. தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புவதால் இதயத்தின் வேலையும் கூடுகிறது. மின்விசிறி உதவுவது, தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றுவதால்தான். சட்டை முழுதும் நனைந்தும் உடல் கொதிக்கிறது என்றால், நிழலுக்குப் போய் விசிறியின் முன் அமர வேண்டிய நேரம் அது.

கேள்வி (பட்டர்வொர்த்): தைப்பூசத்தில் காவடி எடுப்பவர் வெறும் தண்ணீரையே எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமா?

பதில்: கூடாது. இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் பினாங்கின் தண்ணீர்மலைக் கோவிலுக்குச் செல்லும் வழியில் தண்ணீர்ப் பந்தல்களில் முதலுதவிக்கு நின்றவன் நான். இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சாதாரண நாளில் தண்ணீர் மிகுந்தால், வேசோபிரெசின் என்ற ஹார்மோன் குறைந்து, சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். ஆனால் கடும் உழைப்பும் வலியும் குமட்டலும் அதே ஹார்மோனைக் குறையவிடாமல் வைப்பதால், மணிக்கணக்கில் நடந்து, வியர்வையில் உப்பை இழந்து, பந்தல்தோறும் வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தவருக்கு அந்த நீர் வெளியேற வழியின்றி இரத்தம் நீர்த்துப் போகிறது. நீர் செல்களுக்குள் புகுந்து மூளை வீங்கத் தொடங்கும்; தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு. இதை நீரிழப்பு என்று தவறாக எண்ணி மேலும் தண்ணீர் புகட்டுவதுதான் என்னை மிகவும் அஞ்சவைப்பது. தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள். இடையிடையே உப்பிட்ட மோர் குடித்து, ஏதேனும் உண்ணுங்கள். குழம்பிப் பேசுபவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி (செந்தூல்): காய்ச்சலில் உடம்பு கொதிக்கும்போது குளிர் நடுக்கம் வருவது எப்படி?

பதில்: கிருமியோடு போராடும்போது உண்டாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், ஹைப்போதலாமஸ் காக்க முயலும் வெப்ப அளவையே, சொல்லப்போனால் 37 பாகையிலிருந்து 39-க்கு, உயர்த்திவிடுகிறது. அப்போது 38 பாகையில் இருக்கும் உடலும் மூளைக்குக் குளிர்ந்த உடலாகவே தோன்றுவதால், நடுங்க வைத்து வெப்பத்தைக் கூட்டுகிறது. பாராசிட்டமால் அந்த அளவைப் பழையபடி தாழ்த்துகிறது. வியர்த்துக் காய்ச்சல் இறங்குவது அதனால்தான். வெயில் மயக்கம் முற்றி வெப்பத் தாக்காக மாறும்போது அந்த அளவு உயர்வதில்லை, வெப்பத்தை வெளியேற்றும் வழிகள்தாம் தோற்றுப்போகின்றன. ஆகவே அங்கே பாராசிட்டமால் பயன்படாது, உடலை நனைத்து விசிறிக் குளிர்விக்க வேண்டும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கியையும் நினைவில் வையுங்கள். அது இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம்.

கேள்வி (கிள்ளான்): நீரிழிவுக்கு மாத்திரை எடுக்கிறேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு நான் எதுவும் உண்பதில்லை. ஆனாலும் காலையில் சர்க்கரை லிட்டருக்கு 8.2 மில்லிமோல் காட்டுகிறது. கருவி பழுதா?

பதில்: கருவியைச் சந்தேகிக்கும் முன் கல்லீரலை நினையுங்கள். இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சர்க்கரை ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிதான்; மூளையோ இரவிலும் அதைச் செலவிட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை விடுவிக்கிறது. விடியற்காலையில் கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை அதை மேலும் தூண்டும். நீரிழிவு இல்லாதவரிடம் இன்சுலின் சற்றுக் கூடி அதை ஈடுசெய்துவிடும்; உங்களிடம் அந்த ஈடு போதவில்லை. சில நாள் அளவுகளைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி (செந்தூல்): இரத்தத்தின் அமிலத்தைக் குறைக்கும் என்று காரத் தண்ணீர் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தண்ணீர் முதலில் போய்ச் சேருவது கடும் அமிலம் நிறைந்த இரைப்பையில். இரத்தத்தின் அமில-கார அளவை 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிறுத்துபவை நுரையீரலும் சிறுநீரகமும். கரியமில வாயு சற்று மிகுந்தாலே மூச்சு ஆழமாகி அதை வெளியேற்றிவிடும்.

கேள்வி (ஜெலுத்தோங்): அம்மாவுக்கு வயது எண்பது. தாகமே இல்லை என்கிறார், வற்புறுத்தலாமா?

பதில்: அம்மா பொய் சொல்லவில்லை, முதுமையில் தாக உணர்வு மங்கிவிடுகிறது, சிறுநீரைச் செறிவாக்கும் திறனும் குறைகிறது. அதனால் உடல் வறண்டபோதும் அவருக்குத் தெரியாது. வற்புறுத்துவதைவிட நேரம் வகுத்துக் கொடுப்பது நல்லது: காலை எழுந்ததும், ஒவ்வொரு உணவோடும், மாத்திரையோடும், மாலைத் தேநீரோடும் என்று சிறு குவளையாகக் கொடுங்கள்; ரசமும் கஞ்சியும் கணக்கில் சேரும். இதய நோய்க்காகத் தண்ணீர் அளவு குறைக்கப்பட்டிருந்தால் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். சிறுநீர் கருமஞ்சளாகிறதா, திடீரென்று பேச்சில் தடுமாற்றம் வருகிறதா என்று கவனித்து, வந்தால் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள்.