சம்பா வயலில் எலி: கடைக்காரரின் குருணையும் பனையிலிருந்த கூகையும்

கேள்வி: ஐயா, மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சி.ஆர். 1009 சப்-1 நெல் நட்டு 60 நாள் ஆகிறது. எலி திட்டுத்திட்டாக வெட்டிப் போடுகிறது. வரப்பு மேல் எலி கேக் வைத்தும் பலனில்லை. குருணை மருந்தை வயல் நண்டுக்குள் திணித்து வைக்கச் சொல்கிறார் மருந்துக் கடைக்காரர். அப்படி வைத்த பக்கத்து வயலில் ஒரு நாய் செத்துவிட்டதால் தயக்கமாக இருக்கிறது. ராத்திரி மட்டும் வரப்போரம் கம்பி கட்டி கரண்ட் விடலாமா? இருப்பதிலேயே கடுமையான எலி மருந்து எது? போன வருடம் களத்துமேட்டுப் பனையை வெட்டியதிலிருந்து அதிலிருந்த கூகை ஆந்தையின் அலறல் இல்லை; அந்தத் தொல்லை ஒன்றுதான் விட்டது.

பதில்: கரண்ட் கம்பியை மறந்துவிடுங்கள். தண்ணீர் நிற்கும் வயலில், இருட்டில் மடை பார்க்கப் போகிறவர்தான் முதலில் விழுவார். அது உங்கள் வீட்டு ஆளாகவும் இருக்கலாம். உயிர் போனால் வழக்கு உங்கள் மேல்தான்.

குருணையும் வேண்டாம். அது எலிக்கென்று பதிவான மருந்தே அல்ல. பழைய சரக்கில் ஃபோரேட் என்ற குருணை மருந்து கிடந்தால், 2020 டிசம்பர் 31 முதல் அதை விற்பதே சட்டப்படி குற்றம். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் எலிப் பசையும் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டதுதான். விஷம் வைத்த நண்டை எலி மட்டுமா தின்னும்? நாய், கீரி, கொக்கு, மயில் எல்லாம் தின்னும். கடைக்காரரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: மருந்தின் பெயர், நெல், எலி மூன்றையும் பில்லில் எழுதித் தருவாரா என்று. எழுதித் தர மறுக்கிற யோசனையை வயலுக்குள் விடாதீர்கள்.

இனி இந்த வாரத்து வேலை. நாற்றங்கால் நாளையும் சேர்த்தால் பயிருக்கு வயது 90 ஆகியிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பொதி கட்டும், அதாவது தண்டுக்குள் கதிர் உருண்டு நிற்கும். எலி குட்டி போட்டுப் பெருகுவதும் அந்தச் சமயத்தில்தான். சினைக்காலம் மூன்றே வாரம், ஒரு ஈற்றுக்கு ஆறேழு குட்டி. இளங்கதிர் கிடைத்துவிட்டால் நீங்கள் வைக்கும் தீனியை அது திரும்பியும் பார்க்காது. செய்வதைப் பொதிக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டும்.

கேக்கை வரப்பின் தலையில் வைத்ததுதான் தப்பு. மழையிலும் பனியிலும் ஊறிப்போனதை எலி தொடாது. சாயங்காலம் எல்லா வளையையும் மண்ணால் அடையுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ அதுதான் உயிர் வளை. அந்த வளைகளுக்குள் இரண்டு நாள் எண்ணெய் பிசறிய நொய்யரிசியை மட்டும் வையுங்கள். மூன்றாம் நாள் 960 கிராம் நொய்யரிசி, 20 கிராம் நல்லெண்ணெய், 20 கிராம் சிங்க் பாஸ்பைடு எலி விஷம் கலந்து, வளைக்குப் பத்து கிராம் பொட்டலமாக உள்ளே தள்ளி வாயை மூடுங்கள். குச்சியால் கிளறுங்கள், கையுறை போடுங்கள், ஈரம் படக்கூடாது. இந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது என்பதால் குழந்தைகளை அண்டவிடாதீர்கள். பருவத்துக்கு ஒரே ஒரு தடவைதான். அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி அந்தத் தீனியைப் பல வாரத்துக்குத் தொடாது. செத்த எலிகளை ஆழமாகப் புதையுங்கள். எலிக் காய்ச்சல் அதன் மூத்திரத்தில் வருவது. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்று வயலில் இறங்க வேண்டாம்.

தப்பியவற்றுக்கு மறுபடி மருந்து தேடாதீர்கள். தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் வில் பொறியைப் போடுங்கள். ஏக்கருக்கு 40 கிட்டி, வரப்பையும் எலித் தடத்தையும் ஒட்டி, இரைக்குப் பொரி. சாயங்காலம் வைத்து விடியலில் எடுத்துவிட வேண்டும். கிட்டி கட்டும் ஆட்கள் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுங்கள். கிட்டியில் எலி கழுத்து நெரிந்து உடனே சாகிறது. கேக்கில் இருக்கும் புரோமடியலோன் என்ற விஷம் உள்ளுக்குள் ரத்தம் கசியவைத்து நாலு நாள், ஒரு வாரம் என்று இழுத்துக் கொல்கிறது. எலியானாலும் கொல்வதைச் சட்டென்று கொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் தொல்லை என்று எழுதியிருக்கும் கூகை. விஷம் தின்று தள்ளாடும் எலிதான் அதற்குச் சுலபமாகக் கிடைக்கும். புரோமடியலோன் எலியின் ஈரலில் தங்கி, அங்கிருந்து கூகையின் ஈரலுக்குப் போய்ச் சேரும். கேக் வைக்க வைக்க எலி பிடிக்கிற பறவை குறையும், கேக் செலவு ஏறும். ஒரு கூகை ராத்திரிக்கு ஒன்றிரண்டு எலி தின்னும். குஞ்சு பொரித்திருக்கும்போது ஒரு ஜோடி வேட்டையாடுவது அதற்கும் பல மடங்கு. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலிக்காகவே பெட்டிக் கூடு வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். நாமோ வீட்டு மேல் உட்கார்ந்தால் சாவு விழும் என்று கல் எறிகிறோம். அதன் அலறலுக்கும் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அலறல் கேட்கிறதென்றால் பக்கத்து மரத்தில் குஞ்சு வைத்த கூடு இருக்கலாம், அவ்வளவுதான். பொந்துள்ள பனை இன்னொன்று மிச்சமிருந்தால் அதை விற்காதீர்கள்.

இப்போதைக்கு ஏக்கருக்கு 15 முதல் 20 பறவைத் தாங்கி நடுங்கள். காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக ஊன்றினால் போதும், அகன்ற அடிப்பாகம் பயிருக்கு மேல் ஒன்றிரண்டு அடி நிற்க வேண்டும். உட்காரும் இடத்தில் வைக்கோல் சுற்றினால் பறவைக்குப் பிடிப்பு. கதிரில் பால் பிடித்ததும் நடுவயலில் உள்ளவற்றைப் பிடுங்கி ஓரத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் பகலில் மணி தின்ன தினைக்குருவி வந்து உட்காரும். சாரைப்பாம்பைக் கண்டால் அடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள், வளைக்குள்ளேயே போய்க் குட்டியைத் தின்கிற ஆள் அது.

கடைசியாக வரப்பு. அகன்று உயர்ந்த வரப்புதான் எலிக்கு வீடு. அறுவடை முடிந்ததும் அகலம் ஒன்றரை அடி, உயரம் ஓரடிக்கு மேல் போகாமல் செதுக்குங்கள். வயல் காய்ந்து கிடக்கும் சித்திரை, வைகாசியில் எலி முழுவதும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும்தான் இருக்கும். மேட்டூர்த் தண்ணீர் வருவதற்குள் பக்கத்து வயல்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, எலி பிடிக்கிற இருளர்களை அழைத்து வெட்டி எடுங்கள். உங்கள் மூன்று ஏக்கரில் மட்டும் பிடித்தால், காலியான வளைக்கு அடுத்த வயல் எலி குடிவந்துவிடும்.